இனோபத் அக்காவின் புதுக் கேமரா

எங்கள் ஊர் கோகந்தில் காற்று அடங்கட்டும் என்று யாரும் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதில்லை. அப்படிக் காத்திருந்தால் பெண் கிழவியாகிவிடுவாள். மேசை விரிப்பு பறக்கும், புலாவுச் சோற்றில் புழுதி விழும், மணப்பெண்ணின் முகத்திரை ஒரு பக்கம் போகும், பெண் ஒரு பக்கம் போவாள். இத்தனைக்கும் நடுவில் இனோபத் அக்கா ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேமராவோடு உட்கார்ந்திருப்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் நடக்கிற சலாமுக்கு ஆண்கள் வரக்கூடாது. மாமியார் வீட்டு முற்றத்தில் புதுப்பெண் முகத்தை மூடிக்கொண்டு நிற்பாள். பாட்டுக்காரி உறவுக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாட, பெண் ஒவ்வொரு பெயருக்கும் இடுப்பு வளைய வணங்குவாள். கடைசியில் ஒரு குழந்தை பழமரக் கிளையால் திரையைத் தூக்கும். அந்த நொடியில் தெரிகிற முகத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவார்கள். ஊரில் ஆண் போட்டோக்காரர்கள் எத்தனை பேர் இருந்தால் என்ன, அந்த ஒரு படத்துக்கு இனோபத் அக்காதான். புருஷன் செத்த பிறகு அவள் மகனை வளர்த்ததும், வீட்டுக்குக் கூரை மாற்றியதும், மகனுக்குப் பெண் எடுத்ததும் அந்த ஒரு படத்தை நம்பித்தான்.

நான் பக்கத்து வீட்டு சவோதத். மணப்பெண் உடையும் முகத்திரையும் தைப்பது என் பிழைப்பு. நான் மூடுவேன், அவள் திறக்கும்போது பிடிப்பாள் என்று தெருவில் எங்களைக் கேலி பேசுவார்கள். இருவருக்கும் நாக்கு நீளம். அதனால்தான் இத்தனை வருஷம் ஒத்துப்போயிற்று.

அவளிடம் இருந்தது செங்கல் கனத்தில் ஒரு பழைய ரஷ்யக் கேமரா. கண் வைக்கிற துளையில் நடுவே ஒரு வட்டம் தெரியும். அதில் மூக்கு இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பாதி மூக்கும் வந்து ஒன்றாக ஒட்டும். ஒட்டியதும் அமுக்கவேண்டியதுதான். ஊரில் படச்சுருள் கழுவிக்கொடுத்த கடைசிக் கடையும் கைபேசி விற்க ஆரம்பித்ததோடு அந்தக் கேமராவின் காலம் முடிந்தது. மகன் ஷுஹ்ரத் வசந்தத்தில் கல்யாணம் முடித்த கையோடு ரஷ்யாவுக்குக் கிளம்பிப் போய் அங்கே ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். முலாம்பழம் தெருவில் குவிகிற சமயத்தில், ஊருக்கு வந்த ஒருவரிடம் அம்மாவுக்கு ஒரு புதுக் கேமரா கொடுத்துவிட்டான். சுருள் வேண்டாத டிஜிட்டல் கேமரா.

வந்த அன்றே அக்காவுக்கும் அதற்கும் ஆகவில்லை. பொத்தானைப் பாதி அமுக்கினால் லென்ஸ் கிர்ர் என்று முன்னே போகும், கிர்ர் என்று பின்னே வரும், மறுபடி முன்னே போகும். எதைப் பிடிப்பது என்று அதுவே முடிவு பண்ணும். முகத்தைக் காட்டினால் காதுக்குப் பக்கத்தில் தொங்குகிற திராட்சைக்கொடியைப் பிடிக்கும். கண் துளைக்குள் சின்னச் சின்னச் சிவப்புக் கட்டங்கள் மின்னும். பழைய வட்டத்தைக் காணோம்.

"டேய், இது என்ன கேமராவா, எங்க சித்தப்பாவா?" என்று இரண்டு நாள் கழித்துப் போனில் மகனைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யுது."

"அம்மா, எல்லாமே ஆட்டோமேட்டிக். நீங்க அமுக்கினா போதும்."

"அமுக்க எனக்குத் தெரியாதாடா? எதை அமுக்கறோம்னு தெரியணும்ல. உள்ள பாத்தா குகைக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. மங்கலா வேற இருக்கு."

"புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகிடும்மா. ஜெபி எப்படி இருக்கா?"

"இருக்கா. தெருவைப் பளபளன்னு கூட்டறா. நல்ல பொண்ணு. நீ கேமராவைப் பத்திப் பேசு."

ஜெபினிஸோ என்கிற ஜெபிதான் மருமகள். வாய் அதிராத பெண். எங்கள் ஊர் மருமகளுக்கு முதல் வருஷம் ஒரு பரீட்சை மாதிரி. கிழக்கு வெளுக்குமுன் எழுந்து முற்றத்துக்கும் வாசலுக்கும் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிடவேண்டும். தெரு விழிக்கும்போது துடைப்பச் சுவடு மட்டும் தெரியவேண்டும், மருமகள் தெரியக்கூடாது. பெரியவர்கள் முன்னால் கண்ணை உயர்த்தக்கூடாது. ஜெபி எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். ஒரே ஒரு குறை, தெருவில் எதிரே வருகிறவர்களைச் சிலசமயம் கவனிக்காமல் போய்விடுவாள். நான்கூட இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் தலைக்கனமோ என்று நினைத்ததுண்டு.

முதல் அடி மஸ்தூரா வீட்டில் விழுந்தது. பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், குரலுக்கு மட்டும் ஓய்வு கிடையாது. அவள் மருமகளுக்குத் திரை தைத்தது நான். கண்ணாடி மணி வைத்துத் தைக்கச் சொன்னாள். நானும் மனசாரத் தைத்தேன். சலாம் அன்று காற்று மணிகளை ஆட்டிக்கொண்டே இருந்தது. அக்கா பொத்தானை அமுக்க அமுக்க லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தது. இரண்டு மூன்று தடவை கண் துளையை முந்தானையால் துடைத்தாள். திரை விலகியதும் படபடவென்று அமுக்கினாள். பின்பக்கத்துச் சின்னத் திரையில் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். தீப்பெட்டி அளவில் முகம் அழகாகத்தான் தெரிந்தது.

பெரிதாக்கி வந்ததும் குட்டு வெளிப்பட்டது. மஸ்தூரா படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். சண்டைக்கு வந்தவளுக்கும் முதலில் தேநீர் கொடுக்கவேண்டும். ஜெபி நெஞ்சில் கை வைத்துக் குனிந்து அரைக் கிண்ணம் ஊற்றிக்கொடுத்தாள். மஸ்தூரா அதைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, படத்தை விரித்தாள்.

தூக்கிய திரையில் என் மணிகள் ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தன. நூல் முடிச்சுகூடத் தெரிந்தது. அதற்குக் கீழே பெண்ணின் முகம் தண்ணீரில் கரைந்த மாவு மாதிரி இருந்தது.

"முகம் எங்க இனோபத்?" என்றாள் மஸ்தூரா. "எங்க வீட்டுக்கு மருமக வந்தாளா, மணி வந்துச்சா? எல்லாப் படமும் இப்படித்தான். வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க, உங்க மருமகளுக்கு மூஞ்சி இல்லையான்னு."

"காத்துல திரை ஆடிச்சு மஸ்தூரா. கேமரா புதுசு, அது திரையைப் பிடிச்சிடுச்சு..."

"கேமரா மேல போடாத. உங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் கண்ணு போச்சு. ஊருக்கே தெரியும். கண்ணு தெரியலன்னா கௌரவமா வீட்ல உக்காரு. அடுத்த வீட்டுப் பொண்ணு முகத்தைக் கெடுக்காத."

அக்கா தேநீர்க் கூஜாவை எடுத்து மஸ்தூராவின் கிண்ணத்தில் விளிம்பு வழிய ஊற்றினாள். அரைக் கிண்ணம் ஊற்றினால் இன்னும் உட்காரு என்று அர்த்தம். வழிய ஊற்றினால் எழுந்திரு என்று அர்த்தம். மஸ்தூரா அதைத் தொடாமல் எழுந்து போனாள். படம் மட்டும் விரிப்பிலேயே கிடந்தது. கிண்ணங்களை எடுக்க வந்த ஜெபி வழிந்த கிண்ணத்தை விரிப்பில் கவிழ்த்துவிட்டதை அன்று நான் பார்த்தேன், காரணம் புரியவில்லை.

மஸ்தூரா போன பிறகுதான் அக்கா உடைந்தாள்.

"அவ சொன்னது பொய்யில்லடி சவோதத். கண்ணு போகுது."

"சும்மா இரு அக்கா. நேத்துக்கூட தெருக் கோடியில வர்றது யாரோட கழுதைன்னு சொன்னியே."

"அதான் பயமா இருக்கு. தெருவு தெரியுது. கேமராவுல கண்ணை வச்சா மூடுபனி. ஒரு நாள் கொஞ்சம் தெளிவா இருக்கு, மறுநாள் இன்னும் மோசம். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வந்து வந்து போச்சு. அப்புறம் வரவே இல்ல. கடைசியில என் முகத்தைக் கையால தடவித்தான் பாப்பா."

"டாக்டர்கிட்ட போவோம்."

"போனா, அங்க வேலை பாக்கற பொம்பளைங்க சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா சொல்லிடுவாளுங்க. போட்டோக்காரி கண்ணைக் காட்ட வந்தான்னு. அப்புறம் எவ கூப்பிடுவா?"

அதற்குள்ளேயே இரண்டு வீடுகள் கூப்பிட்டதை ரத்து செய்துவிட்டன. மிச்சம் இருந்தது ரொட்டிக்கார அஸிஸா வீட்டுச் சலாம் ஒன்றுதான். அஸிஸா தெருமுனையில் அடுப்பு வைத்து ரொட்டி சுடுகிறவள். "நான் வாக்கு மாற மாட்டேன், அக்காதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டாள். அதுவும் கெட்டால் இனோபத் அக்காவை இனி எந்த முற்றத்துக்கும் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் பழக ஆரம்பித்தாள். சாயங்காலத் தொழுகைக்கு முன்பு, வெயில் சாய்கிற நேரத்தில், ஜெபியைத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிறுத்துவோம். நான் திரையைப் போட்டுவிடுவேன், நானே பாட்டுக்காரியும் ஆவேன். எனக்குக் குரல் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கும். தெரிந்த பெயர்கள் தீர்ந்துபோனால் ஆட்டுக்கும் சேவலுக்கும் சேர்த்து சலாம் பாடுவேன். ஜெபி திரைக்குள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிவாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு நாள் லென்ஸின் பக்கவாட்டில் நகம் வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு குச்சி இருப்பதைக் கண்டுபிடித்தாள். அதைத் தள்ளியதும் கிர்ர் சத்தம் நின்றுபோயிற்று. இனிமேல் வளையத்தைக் கையால் திருப்பலாம்.

"வாயை மூடிட்டேன்டி அதுக்கு!" என்று கத்தினாள். மாதக்கணக்கில் அவளுக்கு வந்த ஒரே சந்தோஷம் அதுதான். கண்ணை வைத்தாள். வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாகக் கேமராவை இறக்கினாள்.

"எங்க திருப்பினாலும் மங்கலாத்தான் இருக்கு. அப்ப இது கேமரா இல்ல. நான்தான்."

ஜெபி திரையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்கு விஷயம் தெரிந்தது. விடிகிற நேரத்தில் முந்தின நாள் கழுவிய தண்ணீரைக் கொட்ட வாசலுக்கு வந்தேன். இரவு முழுக்க அடித்த காற்றில் புழுதியெல்லாம் ஒதுங்கி, தெற்கே மலை பனியோடு பளிச்சென்று நின்றது. ஜெபி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாமியாரின் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றாள். படம் எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மலையைப் பார்த்தாள், மின்கம்பத்தில் உட்கார்ந்த மைனாவைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். கேமரா கண்ணோடு ஒட்டியபடியே "அக்கா" என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"அதை ஏன்டி எடுத்த?"

"தெரியுதுக்கா இதுல."

"என்ன தெரியுது?"

"எல்லாமே. இலை இலையா தெரியுது. இங்க கண்ணுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சக்கரம் இருக்கு. அதைத் திருப்பினா பாக்கறவங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி தெளிவாகுது. கேமரா வந்த நாள்ல இருந்து விடியறப்ப எடுத்துப் பாக்கறேன்." குரல் உள்ளே போய்விட்டது. "எனக்குத் தூரத்துல இருக்கறது தெரியாதுக்கா. பள்ளிக்கூடத்துல இருந்தே கண்ணாடி. கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சதும் எங்கம்மா வாங்கிப் பெட்டியில வச்சுட்டாங்க. கண்ணாடி போட்ட பொண்ணை யாரு கேப்பா? கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு குழந்தை பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு சொன்னாங்க."

தெருவில் என்னைப் பார்க்காமல் போன காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலைக்கனம் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது?

"புருஷன் முகமாவது தெரியுமாடி உனக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"கிட்ட இருந்தா தெரியும்." காது வரைக்கும் சிவந்தாள். சிவப்பு இறங்கியதும் சொன்னாள்: "ரஷ்யாவுக்குக் கிளம்பின அன்னிக்கு விமான நிலையத்துல அவரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. அங்க நிறைய பேர் நின்னாங்க. எல்லாரும் கையாட்டினாங்க. எந்தத் தலை அவருன்னு தெரியல. நான் எல்லாருக்கும் கையாட்டினேன்."

 தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"உன் மாமியாருக்கு மங்கலா தெரியறது அந்தச் சக்கரத்தாலதான்னு உனக்குத் தெரியுமா?"

"முதல்ல தெரியாது. மங்கலா இருக்குன்னு அவங்க சொன்னப்போ ஏதோ தூசின்னு நினைச்சேன். மஸ்தூரா அத்தை வந்து கத்தினாங்கல்ல, அப்பத்தான் புரிஞ்சுது. அன்னிக்கே சக்கரத்தை நடுவுல கொண்டுவந்து வச்சேன். அம்மாவுக்கு அதுவும் சரியா வரல. அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு தினம் மாத்தி மாத்தி வச்சுப் பாக்கறேன். அவங்க கண்ணுக்கு எது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லித் தொலைய வேண்டியதுதானே! அவ அம்மா கதைதான் தனக்கும்னு அவ தினம் சாகறா."

"சொன்னா இந்தச் சக்கரம் எதுக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அப்புறம் கண்ணாடி வெளிய வரும். என்னை அனுப்பிடுவாங்க அக்கா. எனக்குக் கீழ இன்னும் ரெண்டு தங்கச்சி இருக்காங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமும் மண்ணுமாக இருந்தது.

நான் திட்டினேன். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன். அஸிஸா வீட்டுச் சலாமுக்கு முன்பு தானே சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தாள். நான் வாயைக் கட்டிக்கொண்டேன். இனோபத் அக்கா என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, "சவோதத், நான் செத்தா அந்தப் பழைய கேமராவை நீ வச்சுக்கோ" என்று சொன்னபோதும் கட்டிக்கொண்டேன். இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாட்டில் அஸிஸா மருமகளின் சட்டைக்குக் கை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

சலாம் வந்தது. ஜெபி சொல்லவில்லை.

அஸிஸா வீட்டு முற்றத்தில் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ரொட்டி சுடுகிற வாசனையும் எண்ணெயில் வெங்காயம் வதங்குகிற வாசனையும் காற்றில் சுற்றின. மஸ்தூரா நல்ல இடமாகப் பார்த்து முன்வரிசையில் நின்றாள். இந்த முறை திரையில் நான் ஒரு மணிகூட வைக்கவில்லை, வெறும் வெள்ளை வலைத்துணி. பாட்டுக்காரி பெயர்களைப் பாடினாள், பெண் குனிந்து குனிந்து எழுந்தாள். இனோபத் அக்கா முழங்காலை ஊன்றிக் கண்ணை வைத்தாள். வைத்த கண்ணை எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"தெரியலடி. ஒண்ணுமே தெரியல."

குழந்தை கையில் கிளையைக் கொடுத்துவிட்டார்கள். அக்கா கையைத் தூக்கி, பொறு என்று சைகை காட்டினாள். பாட்டுக்காரி கெட்டிக்காரி, தீர்ந்த பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பெண்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. சக்கரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, அத்தனை பேர் காதிலும் ஜெபியின் குறை விழுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றாள் மஸ்தூரா, ரகசியம் பேசுவதுபோல, எல்லாருக்கும் கேட்கும்படி. "கண்ணு தெரியாதவகிட்ட கொடுத்தா இப்படித்தான்."

அக்கா கேமராவை மடியில் வைத்துவிட்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவள் அழுது நான் கண்டதில்லை, புருஷன் போனபோதுகூட எங்களை அடுப்படிக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் அழுதாள்.

பின்னால் பையை வைத்துக்கொண்டு நின்ற ஜெபி பையைக் கீழே போட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாமியார் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அம்மா, உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

"தள்ளிப் போடி."

"சத்தியமா ஒண்ணுமில்ல. இதோ பாருங்க, இந்தச் சக்கரம். கண்ணை வச்சுக்கிட்டே திருப்புங்க. நான்தான் தினம் திருப்பினேன், எனக்குத் தெரியணும்னு. எனக்குத்தான் கண்ணு தெரியாது. உங்களுக்கு இல்ல."

 பாட்டுக்காரி பாட்டை நிறுத்திவிட்டாள். மருமகள் ஒருத்தி ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னால், அதுவும் இன்னொரு மருமகளின் சலாமில், தன் குறையைத் தானே சொன்னதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். கட்டைவிரல் சக்கரத்தைத் தேடிப் பிடித்தது. கொஞ்சம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம். அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நான் கண்டேன்.

"பாட்டைப் பாடுங்க," என்றாள் உரக்க. "என்ன வேடிக்கை? குழந்தை கை வலிக்குது பாருங்க."

திரை மேலே போனது. லென்ஸ் வளையத்தை அவள் விரல் ஒரு தரம் தொட்டது, அவ்வளவுதான். அஸிஸா வீட்டுப் படத்தில் அந்தப் பெண்ணின் கண்ணிமை மயிரை எண்ணிவிடலாம். மஸ்தூராவும் அதை நீண்டநேரம் பார்த்தாள் என்று பிற்பாடு அஸிஸா சொன்னாள்.

படம் தப்பித்தது. ஜெபி தப்பவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா கதவைச் சாத்தியதும் வெடித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

"நான் குருடியாயிட்டேன்னு ராத்திரி ராத்திரியா அழுதேன். நீ பக்கத்து அறையில படுத்திருந்த. காலையில எனக்குத் தேநீர் கொடுத்த. என் முகத்தைப் பாத்துக் கொடுத்த!"

"தெரியலம்மா. உங்க முகம் எனக்கு..."

"பேசாத! குறையை மறைச்ச, சரி. உங்கம்மா சொல்லி மறைச்ச. என்னை ஏன்டி பயமுறுத்தின? எங்கம்மா கண்ணு போன கதையை உன்கிட்டத்தானே சொன்னேன்!"

அது நியாயமான கோபம். நான் என்ன குறுக்கே பேசுவது? மூன்று நாள் அந்த வீட்டில் துடைப்பச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை. தெருவிலோ பேச்சு ஓயவில்லை. மாமியார் ஏமாந்தாள், பார்வையில்லாத பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள், நாளை பிறக்கிற குழந்தைக்கும் அப்படித்தான் இருக்கும். நான்காம் நாள் அக்கா பெண்ணின் தாய்க்கு ஆள் அனுப்பினாள். வந்து பேசி முடித்துக்கொள்ளச் சொன்னாள். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஜெபி யாரும் சொல்லாமலே தன் துணிகளை மூட்டை கட்டி வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

தாய் ஹோஸியத் மதியம் வந்தாள். பருத்தி வயலில் வெயில் தின்ற முகம், நெல்லிக்காய் மாதிரி உருண்டை உடம்பு. துணியில் சுற்றிய ரொட்டியும் மாதுளையும் கொண்டுவந்தாள். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், சாட்சிக்கு ஒருத்தி வேண்டுமே. ஜெபி தேநீர் ஊற்றினாள். அக்கா தன் கிண்ணத்தைத் தொடவில்லை.

"உங்க பொண்ணு குணத்துல நான் குறை சொல்லல," என்று ஆரம்பித்தாள் அக்கா. "வேலையிலயும் சொல்லல. ஆனா கண்ணு விஷயத்தை மறைச்சுட்டீங்க. நான் நேர்மையா வந்து கேட்டேன். நீங்க நேர்மையா கொடுக்கல."

"மறைச்சது தப்புதான்," என்றாள் ஹோஸியத். "நான் இல்லேங்கல. ஆனா யாருகிட்ட மறைச்சேன்னு எனக்கு இன்னும் புரியல."

"என்கிட்டத்தான்!"

"உன்கிட்ட எப்படி மறைக்க முடியும் இனோபத்? நீதானே முதல்ல பாத்த?"

அக்கா மருமகளைத் தேர்ந்தெடுத்த கதை தெருவுக்கே தெரியும். கல்லூரி அட்டைக்குப் படம் எடுக்க ஒரு பெண் அவள் வீட்டுக்கு வந்தாள். பழைய கேமராவின் வட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்தவுடனே, இவள்தான் என் மருமகள் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். அக்காவே பெருமையாக நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

"படம் எடுக்க நான்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் ஹோஸியத். "கண்ணாடியோடதான் வந்தா. நீ கேமராவுக்குப் பின்னால உக்காந்துட்டு, கழட்டு அதை, வெளிச்சம் அடிக்குதுன்ன. இவ தயங்கினா. நீயே எழுந்து வந்து கழட்டி ஜன்னல்ல வச்ச. அப்புறம் இப்படி நிமிந்து பாரு, எவ்ளோ அழகான கண்ணுன்ன. ரெண்டு நாள்ல பொண்ணு கேட்டு வந்துட்ட. கண்ணாடியைப் பத்தி நீ ஒரு வார்த்தை கேக்கல. சரி, இவங்களுக்கு அது பெரிசு இல்ல போலன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் உனக்கு ஞாபகமே இல்லன்னு தெரிஞ்சுது. பயந்துட்டு நானும் பெட்டியில வச்சுட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள்.  பிறகு தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். எத்தனை பெண்களின் கண்ணாடியை அங்கே கழற்றி வைத்திருப்பாளோ, அவளுக்கே கணக்கு இருக்காது. ஒரு பெண்ணின் முகத்தை அவள் கேமராவுக்குள் போன பிறகுதான் பார்ப்பாள். அதற்கு முன்னால் வாசலில் நின்றவளை அவள் பார்த்ததே இல்லை.

ஹோஸியத் பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையில் முடிந்திருந்த கண்ணாடியை எடுத்து மகளிடம் நீட்டினாள். "போட்டுக்கோ. கூட்டிட்டுப் போறதுன்னாலும் நீ வழி பாத்து நடக்கணும்."

ஜெபி மாமியாரைக் கேட்கவில்லை. வாங்கிப் போட்டுக்கொண்டாள். காதுக்குப் பின்னால் மாட்டும்போது பழக்கம் விட்டுப்போன கை தடுமாறியது. பிறகு நிமிர்ந்தாள்.

"மூட்டையை உள்ள கொண்டு போய் வையி," என்றாள் அக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

ஜெபி எழுந்திருக்கவில்லை. விரிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியை, கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கத்தை, அழுது வீங்கிய இமையை.

"என்னடி பாக்கற?"

"உங்களைத்தாம்மா. இப்பத்தான் பாக்கறேன்."

அக்காவின் கை தானாக முந்தானையைத் தேடி முகத்துக்குப் போனது. எத்தனையோ பெண்களை முகத்தை நிமிர்த்து, என்னைப் பார் என்று அதட்டியவள் தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்படிப் பாக்காத ஜெபி. கொஞ்ச நேரம் என்னைப் பாக்காத."

ஜெபி தலையைக் குனியவில்லை. கண்ணாடியையும் கழற்றவில்லை.